பழைய காரின் சீட் பெல்ட்: இழுத்துப் பார்த்தால் மட்டும் போதுமா?

ஒரு காரில் பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பேட்டரி போனால் காலையில் வண்டியே கிளம்பாது. சீட் பெல்ட் கெட்டுப் போனால்? ஒன்றுமே நடக்காது. வழக்கம்போல வெளியே வரும், வழக்கம்போல 'க்ளிக்' என்று மாட்டும், வழக்கம்போல உள்ளே போகும். அது கெட்டுப் போயிருக்கிறது என்பது தெரிய வருகிற அந்த ஒரு நாளில், தெரிந்து எந்தப் பயனும் இருக்காது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கோளாறு பழக்கப்பட்டது. தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கிறோம், 'வெற்றி' என்று பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் அந்தப் பேக்கப்பிலிருந்து ஒருமுறையாவது தரவை மீட்டெடுத்துப் பார்க்காதவரை, நம்மிடம் பேக்கப் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சீட் பெல்ட்டும் அப்படித்தான். மாட்ட முடிகிறது என்பது பச்சை விளக்கு மட்டும்தான்.

இந்த விஷயத்தில் நான் இறங்கியதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் எங்கள் வீட்டில் 2007-ஆம் வருட ஹேட்ச்பேக் ஒன்று நிற்கிறது. அப்பாவின் கார். அம்மாவை டாக்டரிடம் காட்ட, திருமானூர் வழியாகக் கொள்ளிடம் பாலம் தாண்டித் தஞ்சாவூர் போகும். உரம், சாமான் வாங்க அரியலூர் போகும். விடுமுறைக்கு நாங்கள் போனால் என் மகளும் அதில்தான் ஏறுவாள். எங்கள் பக்கத்துச் சாலைகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிமென்ட் ஆலைகளுக்கு ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், இரண்டு பக்கமும் வாய்க்கால், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புழுதி. 2007-ஆம் வருட அடிப்படை மாடல் என்பதால் அந்தக் காரில் ஏர்பேக் கிடையாது. ஓட்டுநருக்கான ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அப்பா காரில் உயிரைக் காக்க இருக்கும் ஒரே கருவி பெல்ட்.

அதனால் ஐந்து இருக்கைகளின் பெல்ட்டையும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தேன். எப்படிச் சோதிப்பது, ஏன் அப்படி, என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் குறிப்பு. உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய கார் இருந்தால் இதைப் படித்துவிட்டு அரைநாள் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். இந்த வேகத்தை ஒரு பொருள் அடைய வேண்டுமென்றால் ஏறத்தாழ 9.8 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அதாவது மூன்று மாடி. 50-ல் போய் மரத்தில் மோதுவதும் மூன்றாவது மாடியிலிருந்து குதிப்பதும் உடம்புக்கு ஒன்றுதான்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் போட்டிருந்தால், காரின் முன்பக்கம் நசுங்கும் தூரமும் பெல்ட் சற்று நீளும் தூரமும் சேர்ந்து, சுமார் 60 செ.மீ. தூரத்தில் அவர் நிற்பார். அவர் மேல் வரும் சராசரி விசை 1,150 கிலோ எடைக்குச் சமம். பெரிய விசைதான். ஆனால் அது தோள் எலும்பு, மார்புக்கூடு, இடுப்பெலும்பு என்று உடம்பின் வலுவான பாகங்களில் பரவுகிறது. பெல்ட் இல்லாவிட்டால், கார் நின்ற பிறகும் அவர் அதே வேகத்தில் போய் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ மோதி 10 செ.மீ. தூரத்துக்குள் நிற்பார். விசை ஆறு மடங்கு ஆகிவிடும்: ஏறத்தாழ 6,900 கிலோ. அதுவும் தலையிலோ நெஞ்சிலோ ஒரே இடத்தில்.

இதே கணக்கில் இன்னொன்று. மடியில் வைத்திருக்கும் 10 கிலோ குழந்தையை, பெல்ட் போட்ட நிலையிலேயே, கையால் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் 160 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. 'நான் கெட்டியா பிடிச்சிக்கிறேன்' என்பது பாசம். இயற்பியலில் அதற்கு இடம் இல்லை.

இந்த மொத்த நிகழ்வும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் பெல்ட் பூட்டிக்கொண்டாக வேண்டும். இப்போது பெல்ட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தூணுக்குள் இருக்கும் பெட்டி

இன்று நாம் போடும் மூன்று புள்ளி பெல்ட்டை வடிவமைத்தவர் வால்வோ நிறுவனப் பொறியாளர் நீல்ஸ் போலின். அதற்கு முன்பு விமானங்களுக்கான வெளியேற்றும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். 1959-ல் வால்வோ கார்களில் அது வந்தது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வால்வோ திறந்துவிட்டது. ஒரு கையால் மாட்ட முடிய வேண்டும், இடுப்பையும் நெஞ்சையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், பூட்டும் இடம் இடுப்புக்குப் பக்கவாட்டில் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த அமைப்பு மாறவில்லை.

பின்னால் வந்த முக்கியமான சேர்க்கை ரிட்ராக்டர். முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குள் அடியில் இருக்கும் பெட்டி அது. பட்டை சுற்றியிருக்கும் ஒரு உருளை, அதைத் திருப்பி இழுக்கும் சுருள் ஸ்பிரிங், உருளையின் ஓரத்தில் பற்கள், அந்தப் பற்களில் போய் மாட்டும் ஒரு கொக்கி. சாதாரணமாகப் பட்டை இழுத்த இழுப்புக்கு வரும். ஆபத்து நேரத்தில் கொக்கி பல்லில் விழுந்து உருளையை நிறுத்தும்.

கொக்கியை விழவைக்க இரண்டு உணரிகள் உண்டு. இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம் இதுதான்.

முதலாவது, பட்டை உணரி. பட்டை திடீரென்று வேகமாக இழுக்கப்பட்டால் உருளை வேகமாகச் சுழலும். அந்த வேக மாற்றத்தில் கொக்கி விழும். நாம் பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கும்போது பூட்டிக்கொள்வது இதனால்தான்.

இரண்டாவது, வாகன உணரி. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு இரும்புக் குண்டு. காரே திடீரென்று வேகம் குறைந்தாலோ, பக்கவாட்டில் வீசப்பட்டாலோ, சாய்ந்தாலோ குண்டு கிண்ணத்தில் மேலேறி ஒரு நெம்பைத் தூக்கும், கொக்கி விழும். இது நம் உடம்பு அசையும்வரை காத்திருக்காது. கார் அசைந்தாலே பூட்டிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், மெதுவாக முன்னால் குனிந்தாலும் சில நேரம் பெல்ட் விடாது. அது குண்டின் வேலை.

ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 16 இதற்கு எண்களே கொடுத்திருக்கிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 15140-ம் அதையொட்டியதுதான். சாதாரணக் கார் பெல்ட்டில் வாகனம் 0.45 ஜி அளவு வேகம் குறையும்போது பூட்டிவிட வேண்டும். பூட்டுவதற்குள் பட்டை 50 மி.மீ.க்கு மேல் வெளியே வரக்கூடாது. 12 டிகிரி வரை சாய்த்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்த்தால் பூட்டியே ஆக வேண்டும். பட்டை உணரியோ 0.8 ஜிக்குக் கீழே பூட்டக்கூடாது, 2 ஜியில் பூட்ட வேண்டும். பட்டை மட்டும் தனியாக ஏறத்தாழ 1,500 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும்.

இந்த எண்களில் ஒரு அழகு இருக்கிறது. சாய்வுக் கோணத்துக்கும் வேகக் குறைவுக்கும் உள்ள தொடர்பு பள்ளிக்கூட டேன் தீட்டாதான். டேன் 12 டிகிரி 0.21. டேன் 27 டிகிரி 0.51. 0.45 ஜி என்பது 24 டிகிரிக்குச் சமம். அதாவது பிரேக் போட்டுச் சோதிப்பதும் பெட்டியைச் சாய்த்துச் சோதிப்பதும் குண்டைப் பொறுத்தவரை ஒரே சோதனை. ஒரு பட்டறையில், விபத்து எதுவும் இல்லாமல், ஒரு கோணமானியை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வெடுக்கென்று இழுத்தால் போதாதா?

பெல்ட் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் செய்வது, வெடுக்கென்று இழுத்துப் பார்த்து 'பூட்டுது, நல்லாத்தான் இருக்கு' என்பது. அந்தச் சோதனை பட்டை உணரியை மட்டும்தான் தொடுகிறது. குண்டு அதன் கிண்ணத்தில் தூசியோடு இறுகிக் கிடந்தாலும் இந்தச் சோதனையில் பெல்ட் தேறிவிடும்.

இரண்டில் ஒன்று இருந்தால் போதாதா என்றால், போதாது. பட்டை உணரி மட்டும் இருந்தால் உடம்பு முன்னால் நகர ஆரம்பித்த பிறகுதான் பூட்டும். நமக்கு இருப்பதோ மொத்தம் சில பத்து சென்டிமீட்டர். அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் நெஞ்சுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. அதைவிட மோசமான நிலைமை, கார் மெதுவாகச் சாய்ந்து வாய்க்காலில் உருள்வது. அங்கே உடம்பு வெடுக்கென்று இழுக்காது, சரிந்து போகும். பட்டையும் கூடவே நழுவி வரும். சாய்வை உணரக்கூடியது குண்டு மட்டும்தான்.

ஏழு சோதனைகள்

ஒரு டார்ச், ஈரத்துணி, கோணம் காட்டும் ஒரு கைப்பேசிச் செயலி, கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

1. பட்டையைக் கடைசி வரை வெளியே இழுங்கள். நாம் தினமும் பார்ப்பது பட்டையின் பாதியைத்தான். முழுசாக இழுத்து, இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, வெயிலில் வெளுத்து விறைத்திருக்கிறதா, பேட்டரி அமிலமோ பிளீச்சோ பட்ட கறை இருக்கிறதா? பட்டை பாலியஸ்டர் இழை. வெயிலும் அமிலமும் அதற்கு ஆகாது. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் பெல்ட் கழிந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். துணியைக் கிழிக்க ஓரத்தில் ஒரு கீறல் போட்டால் போதும் என்பது ஜவுளிக் கடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

2. பழைய விபத்தின் தடயம் தேடுங்கள். பலமான மோதலில் பூட்டிய பெல்ட்டில், தோளுக்கு மேலே இருக்கும் வளையத்தில் உராய்ந்த இடம் உருகிப் பளபளக்கும். பட்டை அலை அலையாக நெளிந்திருக்கும். சில பெல்ட்டுகளில் அடிப்பக்கம் மடித்துத் தைத்த ஒரு பகுதி இருக்கும். அதிக விசை வந்தால் அந்தத் தையல் பிரியும்படி செய்திருப்பார்கள். அது பிரிந்திருந்தால் பெல்ட் தன் வேலையை ஒருமுறை செய்துவிட்டது என்று பொருள். பட்டையின் கீழ்முனையில் இருக்கும் துணிச்சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். கார் செகண்ட் ஹேண்டாக வாங்கியது என்றால், அந்தத் தேதியை ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பெல்ட் மட்டும் காரைவிடப் புதியது என்றால் எதற்காக மாற்றினார்கள் என்று விற்றவரைக் கேட்க வேண்டும்.

3. உள்ளே போகிறதா பாருங்கள். பட்டையை விட்டால் தானாக, தயங்காமல், கடைசி வரை உள்ளே போக வேண்டும். தொங்கினால் உடனே ஸ்பிரிங் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி தோள் வளையத்தில் வருடக்கணக்கில் படிந்த வியர்வையும் எண்ணெயும் புழுதியும்தான். ஈரத்துணியால் வளையத்தின் உள்பக்கத்தைத் துடையுங்கள். பட்டையை இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெளியே இழுத்த நிலையிலேயே நிழலில் காயவைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடக்கூடாது. புழுதியைப் பிடித்து வைப்பதற்கு எண்ணெயைவிட நல்ல பொருள் கிடையாது.

4. பக்கிளைச் சோதியுங்கள். மாட்டுங்கள், பலமாக இழுங்கள், கழற்றுங்கள். பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் 'க்ளிக்' கேட்க வேண்டும், இழுத்தால் வரக்கூடாது, பொத்தானை ஒரு விரலால் அழுத்தினால் நாக்கு துள்ளி வெளியே வர வேண்டும். பாதி மாட்டிய நிலையில் நிற்கவே கூடாது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சில்லறைக் காசு, முறுக்குத் துண்டு, புளியங்கொட்டை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

5. பட்டை உணரி. இதுதான் வழக்கமான வெடுக் சோதனை. வேறு வேறு நீளத்தில் இழுத்து ஐந்தாறு தடவை செய்யுங்கள். ஒருமுறை கூடத் தவறக்கூடாது.

6. வாகன உணரி. ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான, காய்ந்த திடல் வேண்டும். இருவரும் பெல்ட் போட்டுக்கொண்டு மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போய், 'பிரேக்' என்று சொல்லிவிட்டு அழுத்திப் பிடியுங்கள். காய்ந்த தரையில் நல்ல பிரேக் 0.7 ஜி அளவுக்கு வேகத்தைக் குறைக்கும். 0.45-ஐத் தாண்டிவிடும். கார் ஒன்றேகால் மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 0.6 நொடியில் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் முதுகை இருக்கையோடு ஒட்டி, காலை ஊன்றிக்கொண்டு, நெஞ்சுக்கு முன்னால் இருக்கும் பட்டையைக் கையால் நிதானமாக இழுத்தபடி இருக்க வேண்டும். நிதானமாக இழுப்பதால் பட்டை உணரி விழித்துக்கொள்ளாது. பூட்டினால் அது குண்டின் வேலை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு இருக்கைக்கும் மூன்று தடவை. பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுச் சாலையில் இதைச் செய்யக்கூடாது.

7. பிடிமானம். பட்டையும் பெட்டியும் பக்கிளும் போல்ட் போட்டுக் காரின் உடம்போடு இணைக்கப்பட்ட இடங்கள். டார்ச் அடித்து, தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றித் துரு ஊறி, தகடு உப்பியிருந்தால் பெல்ட் புதிதாக இருந்தும் பயனில்லை. அங்கே மேலோட்டமாக வெல்டிங் வைப்பது வைத்தியம் ஆகாது. அனுபவமுள்ள உடல்கட்டுப் பட்டறையில் காட்ட வேண்டும்.

உங்கள் காரில் ஏர்பேக்கும் பிரிடென்ஷனரும் இருந்தால் எட்டாவதாக ஒன்று. பிரிடென்ஷனர் என்பது மோதிய கணத்தில் சின்ன வெடிமருந்தால் பட்டையை இறுக்கும் கருவி. ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம், ஏனென்றால் விளக்கையே பிடுங்கிவிட்டு விற்பவர்களும் உண்டு. ரிட்ராக்டருக்குப் போகும் ஒயரில் மஞ்சள் இணைப்பு இருந்தால் அதைக் கழற்ற முயற்சிக்காதீர்கள். பயிற்சி பெற்றவர் வேலை அது.

அப்பா காரில் கிடைத்தது

ஓட்டுநர் பெல்ட்: பட்டை உள்ளே போகத் தயங்கியது. தோள் வளையத்தைத் துடைத்த துணி கறுப்பாக வந்தது. துடைத்த பிறகு ஜம்மென்று போனது. மற்ற எல்லாவற்றிலும் தேறியது.

முன் இடது பக்கம், அதாவது அம்மா உட்காரும் இடம்: பட்டை புதுசு மாதிரி இருந்தது. பக்கிள் பத்துக்குப் பத்து. வெடுக் சோதனையில் ஒருமுறை கூடத் தவறவில்லை. பிரேக் சோதனையில் மூன்று தடவையும் பூட்டவில்லை. நான் நிதானமாக இழுக்க, பட்டை பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

திருமானூர் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பிரிடென்ஷனர் இல்லாத கார் என்பதால் அவரே தூணின் மூடியைக் கழற்றி, இரண்டு முன் ரிட்ராக்டர்களையும் வெளியே எடுத்தார். கைப்பேசியை மேலே வைத்துச் சாய்த்துப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கத்துப் பெட்டி இருபது டிகிரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பூட்டியது. அம்மா பக்கத்துப் பெட்டி 45 டிகிரி சாய்த்தும் பூட்டவில்லை. பெட்டியின் அடியில் வெள்ளைப் புழுதி பாறை மாதிரி படிந்திருந்தது.

"தம்பி, இதுவரைக்கும் பெல்ட்டுக்குன்னு யாரும் வண்டி எடுத்துட்டு வந்ததில்ல" என்றார். எஃப்.சி.க்கு வரும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பார், அதற்காக மட்டும் பின் சீட்டிலிருந்து தோண்டி எடுத்து வைப்பார்களாம்.

தோண்டி எடுப்பது என்று அவர் சொன்னது உண்மைதான். பின் இருக்கையில் இரண்டு பக்கிள்களும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. நம் ஊரில் இது சர்வ சாதாரணம். கவர் தைப்பவர் பக்கிளுக்கு ஓட்டை விடமாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள். வலது பின் பெல்ட் எல்லாச் சோதனையிலும் தேறியது. இடது பின் பெல்ட்டை முழுசாக இழுத்ததும், வழக்கமாக உருளைக்குள் இருக்கும் பகுதியில் ஓரம் அரைவட்டமாகக் கொறிக்கப்பட்டிருந்தது. எலி. கொட்டகையில் நெல் மூட்டையும் காரும் ஒன்றாக இருந்தால் நடப்பதுதான். நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டும், கையால் நீளம் சரிசெய்யும் பழைய வகை. அது உறுதியாகவே இருந்தது.

ஐந்தில் இரண்டு கழிந்தவை. இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் நல்ல பெல்ட்டுகள்.

என்ன மாற்றலாம், என்ன கூடாது

ரிட்ராக்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா என்று எனக்குக் கை அரித்தது. கூடாது. ஸ்பிரிங் சிதறும், திரும்பக் கோத்தாலும் 0.45 ஜியில் பூட்டும் என்று உறுதி சொல்ல நம்மிடம் சோதனைக்கூடம் இல்லை. பட்டை, பெட்டி, நாக்கு எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பாக, அந்த மாடலுக்கான புதிய உதிரிபாகத்தை வாங்கிப் போடுவதுதான் சரி. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கார் கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பேனர் இருக்கிற பட்டறைக்குப் போங்கள்.

பட்டை கிழிந்தால் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்துத் தைப்பது கூடாது. தொழிற்சாலைத் தையலின் நூலும் வடிவமும் கணக்குப் போட்டுச் செய்தவை. பழைய கார் உடைக்கும் இடங்களில் பெல்ட் வாங்குவதும் கூடாது. சென்னைப் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம். ஆனால் அங்கே வரும் கார்களில் பல ஏன் அங்கே வந்தன என்று யோசித்தால், அவற்றின் பெல்ட் ஏற்கெனவே ஒருமுறை ஒருவரைத் தாங்கியிருக்கலாம் என்பது புரியும்.

எங்களுக்கு இரண்டு பெல்ட் தொகுப்பும் கூலியும் சேர்த்து ஒன்றரை டயர் விலை ஆனது. மாட்டிய பிறகு ஐந்தாவது, ஆறாவது சோதனைகளைத் திரும்பச் செய்தோம். புதுசும் தேறினால்தான் புதுசு.

பின் இருக்கையும் சட்டமும்

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த கார், ஏர்பேக்குகள் எல்லாம் உண்டு. முன் இருக்கையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. 2014 ஜூனில் டெல்லியில் இறந்த மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டேயும் பின் இருக்கையில் இருந்தவர்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி, ஓட்டுநர், முன் இருக்கைக்காரர் மட்டுமல்ல, முன்னோக்கிய பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குள் உள்ள குழந்தையைப் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ பாதுகாக்காவிட்டாலும் அதே தொகை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் பயணிகள். ஓட்டுநருக்குச் சரிபாதி. ஆனால் பெல்ட்டைப் பற்றிய நம் பேச்செல்லாம் ஓட்டுநரைப் பற்றியே இருக்கிறது.

இதற்கு நடுவே, பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை நிறுத்தப் பக்கிளில் செருகும் போலி நாக்குகள் இணையக் கடைகளில் விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. வாங்க ஆள் இருந்ததால்தானே இத்தனை பக்கம்? உங்கள் காரின் பக்கிளில் அப்படி ஏதாவது செருகியிருந்தால், முதல் சோதனைக்கு முன்பே அதைப் பிடுங்கி எறியுங்கள்.

போடும் விதம் பற்றி இரண்டு வரி. கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். சேலைக் கொசுவமோ வேட்டி முடிச்சோ நடுவில் இருந்தால் ஒதுக்கிவிட்டுக் கீழே இழுத்து விடுங்கள். மேல்பட்டை கழுத்தில் உரசுகிறது என்று கக்கத்துக்கு அடியில் விடக்கூடாது. விலா எலும்பு நொறுங்க அது ஒன்று போதும். தளர்வாக இருக்க கிளிப் மாட்டுவதும் கூடாது. என் மகளுக்குப் பெரியவர்கள் பெல்ட் இன்னும் கழுத்தில்தான் விழுகிறது, அதனால் உயரம் கூட்டும் குழந்தை இருக்கை ஒன்று வாங்கி, வலது பின் இருக்கையில் நிரந்தரமாக வைத்துவிட்டோம்.

பெல்ட்டில் மருந்துப் பட்டையில் போலக் காலாவதித் தேதி அச்சடித்திருக்க மாட்டார்கள். பந்தயக் கார்களுக்கான பெல்ட்டுக்கு உலக மோட்டார் கூட்டமைப்பு ஐந்து வருட ஆயுள் வைத்திருக்கிறது. நம் வீட்டுக் காருக்கு அந்தக் கணக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தனியார் காருக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறோம். ஆனால் எலிக்கும் புழுதிக்கும் ஐந்து வருடம் ரொம்ப நீளம். நான் வருடம் ஒருமுறை, இன்சூரன்ஸ் கட்டும் வாரத்தில் செய்வது என்று வைத்திருக்கிறேன். எங்கள் அப்பா சீட் கவர்க்காரரைக் கூப்பிட்டுப் பக்கிளுக்கு இரண்டு ஓட்டை விடச் சொன்னார். மொத்தச் செலவிலேயே மலிவானது அதுதான். பின் சீட்டுக்கு அதைவிடப் பெரிய பழுதுபார்ப்பும் கிடையாது.